ஜெந்தாயுவின் கடைசி எட்டுப் பக்கம்

மரியத்தின் பாட்டைக் கல்லிலிருந்து தேய்த்து அழித்தவன் நான்தான். இதை நானே முதலில் சொல்லிவிடுகிறேன்.

கம்போங் கிளாம் என்ற துறைமுகப் பேட்டையில், பள்ளிவாசலுக்குப் பின்னால் போகும் சந்தில், ஹாஜி ஜம்ஹூரிக்குக் கல்லச்சுக்கூடம் ஒன்று இருந்தது. அவர் ஜாவாவின் பெக்கலோங்கான் ஊர்க்காரர். நான் பவேயான் தீவிலிருந்து வந்தவன், பெயர் அஸ்னாவி. எங்கள் தீவுக்காரர்கள் எல்லோரையும் போல வெள்ளைக்காரர் வீட்டுக் குதிரை லாயத்துக்குத்தான் முதலில் போனேன். ஒரு குதிரை முழங்காலில் உதைத்ததில் அந்த வேலை போயிற்று. ஹாஜியார் என் கைகளைப் பார்த்தார். "காலு போனா போகுது, கை நல்லா இருக்கே, வா" என்றார். அன்று முதல் கல் தேய்க்கிறேன். ஒரு கல்லின்மேல் இன்னொரு கல்லை வைத்து, நடுவில் மணலும் தண்ணீரும் விட்டு வட்டமாகத் தேய்க்க வேண்டும். பழைய எழுத்து முழுக்கப் போனால்தான் அடுத்த பக்கத்தை அதில் ஏற்ற முடியும். எத்தனையோ ராஜாக்களையும் எத்தனையோ போர்களையும் இந்தக் கையால் அழித்திருக்கிறேன். அதற்கெல்லாம் நான் வருத்தப்பட்டதே இல்லை.

மரியம் இரண்டு சந்து தள்ளி இருந்தாள். காலையில் தேங்காய்ப்பால் சோறும் நெத்திலிச் சம்பலும் வாழையிலையில் கட்டி விற்பாள். சோறு தீர்ந்ததும் பானையைக் கவிழ்த்துவிட்டு எழுத உட்காருவாள். அவளுடைய அப்பா பூகிஸ் வியாபாரிகளின் கப்பல்களுக்குச் சரக்கு விவரம் எழுதிக் கொடுத்தவர். எங்களிடையே பெண்பிள்ளைக்கு ஓதச் சொல்லிக்கொடுப்பார்கள், எழுதச் சொல்லிக்கொடுக்க மாட்டார்கள். எழுதத் தெரிந்தவள் யாருக்கு என்ன கடிதம் போடுவாளோ என்ற பயம். ஆனால் அந்த மனிதருக்கு நாற்பது வயதிலேயே கண் மங்கிவிட்டது. வேலை போய்விடுமே என்று மகளுக்கு எழுத்தைக் கற்றுக்கொடுத்தார். அவர் சொல்லச் சொல்ல அவள் எழுதினாள். துறைமுகத்தில் எல்லோரும் அதைக் கிழவரின் கையெழுத்து என்றே நினைத்தார்கள்.

அவள் பெயரைக் கொஞ்சம் அழுத்திச் சொன்னால் எங்கள் பேச்சில் பீரங்கி என்று ஆகிவிடும். சின்ன வயதிலிருந்தே அந்தக் கேலி உண்டு. "பீரங்கி வருது, ஒதுங்குங்கடி" என்று யாராவது சொன்னால் கோபித்துக்கொள்ள மாட்டாள். "மருந்து கெட்டிச்சு வச்சிருக்கேன், கொள்ளிதான் இல்ல" என்பாள்.

அவளைத் தாயெங் மங்கா என்ற படகுக்காரனுக்குக் கட்டிக்கொடுத்தார்கள். ஒன்பது வருஷம் வாழ்ந்தாள். பிள்ளை இல்லை. ஒரு நாள் அவன் பொந்தியானாக்கிலிருந்து வரும்போது இன்னொருத்தியையும் கூட்டிக்கொண்டு வந்தான். வாசலில் நின்றபடி, "இவளும் இனிமே இங்கதான் இருப்பா. எடம் பண்ணிக் குடு" என்றான்.

"எடத்துக்கென்ன, தாராளமா இருக்கு" என்றாள் மரியம். உள்ளே போய் நாலு சாரோங்கையும் எழுதுகோல் பெட்டியையும் மூட்டையாகக் கட்டிக்கொண்டு வந்தாள். "நான் இருந்த எடம் பூரா அவளுக்குத்தான்" என்று சொல்லிவிட்டு நடந்தாள். மறுநாளே நிக்காஹ், தலாக் வழக்கு பார்க்கும் காதியார் வீட்டில் போய் நின்றாள். மணவிடுதலை கிடைக்கப் பத்து மாதம் ஆயிற்று. இந்தக் கதையைக் கம்போங் கிளாமில் அறியாத பெண் இல்லை.

அதற்குப் பிறகுதான் அந்தப் பாட்டைக் கட்டினாள். 'சித்தி ஜெந்தாயு' என்று அதற்குப் பெயர். நாலு நாலு வரியாகப் போகும் நீண்ட பாட்டு. நாலு வரியும் ஒரே ஓசையில் முடியும். வியாபாரி ஒருவன் கப்பலோடு வெளியூர் போய் இன்னொரு பெண்ணோடு திரும்புகிறான். மூத்தவள் ஜெந்தாயு அழவில்லை. அவன் தூங்கி எழுவதற்குள் அவன் கப்பலிலேயே ஏறிப் பாயை விரித்துவிடுகிறாள். ஏழு வருஷம் கடலில் தலைவியாக இருக்கிறாள். கடைசியில் ஒரு நாள் உடைந்த படகின் பலகையைப் பிடித்துக்கொண்டு மிதக்கும் ஒருவனை ஆட்கள் தூக்கிக் கப்பலில் போடுகிறார்கள். பார்த்தால் அவள் புருஷன். அவனுக்கு உலர்ந்த துணி தருகிறாள், சூடாகச் சோறு போடுகிறாள், அடுத்த துறைமுகத்தில் இறக்கிவிடுகிறாள். "பத்திரமாகப் போ" என்று சொல்லிவிட்டு நங்கூரத்தை எடுக்கச் சொல்கிறாள். அவ்வளவுதான் முடிவு.

அந்தச் சோறு போடும் இடம் வந்தால் பெண்கள் எப்படிச் சிரிப்பார்கள் என்பது எனக்குத் தெரியும். எங்கள் பவேயான் சத்திரத்துக்குப் பக்கத்து வீட்டில் தொப்பி தைக்கும் பெண்கள் கூடுவார்கள். ஒருத்தி ராகம் போட்டுப் படிப்பாள், மற்றவர்கள் தைத்துக்கொண்டே கேட்பார்கள். பலகைச் சுவர்தானே, எனக்கும் கேட்கும். மூன்று தடவை முழுக்கக் கேட்டிருக்கிறேன்.

மரியம் அந்த ஏட்டைப் பூப்போட்ட பாத்திக் துணி ஒன்றில் சுற்றி வீடு வீடாக இரவல் விடுவாள். முதல் பக்கத்தில் எழுதியிருப்பாள்: வெற்றிலை போட்டுக்கொண்டு இதைத் தொடாதே. விளக்குக்குப் பக்கத்தில் பிடிக்காதே. மூன்று நாளில் திருப்பிக் கொடு. கொடுக்காவிட்டால் நான் வருவேன், நான் வந்தால் உனக்குப் பிடிக்காது. எழுதத் தெரிந்த ஒன்றிரண்டு பெண்கள் பிரதி எடுத்துக்கொண்டார்கள். பிரதி எடுத்தவர்கள் சும்மா எடுக்கவில்லை. ரோச்சோர்ப் பக்கத்தில் ஒருத்தி தன் மாமியாரைத் திட்டி நாலு வரிப் பாட்டாகப் பத்து நடுவில் செருகிவிட்டாள். அதை மரியத்திடம் காட்டியபோது அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். "இது என் மாமியாருக்கும் பொருந்துதேடி" என்று அதில் இரண்டைத் தன் ஏட்டிலும் சேர்த்துக்கொண்டாள்.

இதை நான் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. தன் எழுத்தை யாரும் தொடக் கூடாது என்று நினைத்தவள் இல்லை அவள்.

ஹாஜியாரின் மனைவி நுராயா ஒரு தடவை அந்த ஏட்டை வாங்கிக்கொண்டு போனாள். மூன்று நாளில் திருப்பியும் கொடுத்துவிட்டாள். ஆனால் அந்த மூன்று நாளில் ஹாஜியார் அதைப் பார்த்துப் பிரதி எடுத்துவிட்டார். அவர் கை வேகமான கை. பிறகு பன்னிரண்டு நாள் கூடத்தில் உட்கார்ந்து எண்ணெய் மையால் அச்சுக்கு எழுதினார். நான் கல் தயார் செய்துகொடுத்தேன், எழுத்தைக் கல்லுக்கு ஏற்றினேன், தாளை அழுத்தி எடுத்தேன். பக்கங்கள் வர வர இது ஜெந்தாயு என்று எனக்குத் தெரிந்துவிட்டது. நான் எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன், ஆனாலும் படிப்பேன்.

கடைசி எட்டுப் பக்கத்துக்கு மட்டும் மூன்று நாள் எடுத்துக்கொண்டார். அந்தப் பக்கங்களில் ஜெந்தாயு புருஷனைப் பார்த்ததும் மயங்கி விழுந்தாள். எழுந்து அவன் காலைப் பிடித்து அழுதாள். கப்பலைக் கொண்டுபோய் அவனிடம் ஒப்படைத்தாள். இளையவளைத் தங்கை என்று கட்டிக்கொண்டாள். அதற்கு மேல் பெண்களே, புருஷன் சொல் கேளுங்கள் என்று பன்னிரண்டு பாட்டு. அடியில்: இதை இயற்றி எழுதியவன் எளிய அடியான் ஹாஜி ஜம்ஹூரி.

நான் பார்த்தேன். ஒன்றும் சொல்லவில்லை. முந்நூறு பிரதி எடுத்தோம். பிறகு கல்லைத் தேய்த்து வெள்ளையாக்கினேன்.

நாலாம் நாள் மரியம் வந்தாள். சோற்றுப் பானையை வெளியே இறக்கி வைத்துவிட்டு உள்ளே வந்தாள். ஒரு கையில் அச்சுப் புத்தகம், இன்னொரு கையில் பாத்திக் துணிப் பொட்டலம்.

"ஹாஜியாரே, இத யாரு எழுதினது?"

ஹாஜியார் தலை நிமிரவில்லை. "கடைசியில பேரு போட்டிருக்கே."

"பேரு போட்டிருக்கு. எழுதினது யாருன்னு கேட்டேன்."

"இதோ பாரு மரியம், பழைய கதைக்கெல்லாம் யாரு சொந்தக்காரன்? எவன் கையில ஏடு இருக்கோ அவன் எழுதுறான். நீயும் எத்தன கதைய அப்படிப் பாத்து எழுதியிருக்க?"

"பாத்து எழுதினா பாத்து எழுதினேன்னு போடுவேன். இது பழைய கதை இல்ல. ரெண்டு ரமலானுக்கு முந்தி இது உலகத்துல கெடையாது. என் வீட்டு அடுப்படியில பொறந்தது."

ஹாஜியார் எழுதுகோலைக் கீழே வைத்தார். அவர் கெட்ட மனிதர் இல்லை. குரலைத் தாழ்த்திக்கொண்டார். "நான் ஒனக்கு நல்லதுதான் பண்ணியிருக்கேன். பொம்பள பேரப் போட்டுப் பொஸ்தகம் வித்தா, சந்தையில மீன்காரன்லேருந்து கப்பக்காரன் வரைக்கும் ஒம் பேரு கை மாறும். அது ஒனக்கு மானமா?"

"என் சோறு தெனம் மீன்காரன் கையிலயும் கப்பக்காரன் கையிலயும்தான் போகுது. அதுல போகாத மானம் இதுல போயிடுமா?"

நான் தலையைக் குனிந்துகொண்டு கல்லைத் தேய்த்தேன். சிரிப்பு வந்துவிடுமோ என்று பயம்.

"சரி, பத்துப் பொஸ்தகம் எடுத்துக்க. சும்மாவே எடுத்துக்க" என்றார் ஹாஜியார்.

"எனக்குப் பொஸ்தகம் வேணாம். பேரு கூட அப்புறம் பாத்துக்கலாம். ஜெந்தாயு எதுக்கு அவன் கால்ல விழுந்தா? அதச் சொல்லுங்க."

"முடிவு நல்லபடியா இருக்கணும்ல. குடும்பத்துல படிக்கிற பொஸ்தகம்."

"ஏழு வருஷம் கடல்ல கப்பல் ஓட்டினவ ஹாஜியாரே! புயல்ல பாய்மரத்த வெட்டினவ. கொள்ளைக்காரன வெரட்டினவ. நனஞ்ச கோழி மாதிரி ஒருத்தன் வந்து நின்னா அவளுக்கு மயக்கம் வருமா? உங்க முடிவ முன்னாடி பக்கங்களே நம்பாது."

"அடிச்சது அடிச்சதுதான். கல்லையும் அழிச்சாச்சு. கேட்டுப் பாரு, அஸ்னாவி அங்கதான் இருக்கான்."

அவள் என்னைப் பார்த்தாள். நான் கல்லிலிருந்து கையை எடுக்கவில்லை. "அழிச்சாச்சுங்க" என்றேன். வேறு என்ன சொல்வது?

"ரோச்சோர்க்காரி மாத்தினா, அது அவ வாயி, அவ வீட்டோட" என்றாள் மரியம். "என் ஏடும் பக்கத்துல இருக்கும், வேணுங்கறவ ரெண்டையும் படிப்பா. நீங்க ஒரே பொய்ய முந்நூறு தடவ சொல்லியிருக்கீங்க. நான் ஒருத்தி ஒரு கையால அத்தனைக்கும் எப்படிப் பதில் சொல்றது?"

"அதான் அச்சு" என்றார் ஹாஜியார்.

அவள் அச்சுப் புத்தகத்தைப் பொட்டலத்தோடு சேர்த்துக் கட்டினாள். பிறகு, "சரி. ஒரு கையாலயே சொல்றேன்" என்று சொல்லிவிட்டுப் பானையைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டு போனாள்.

மறுநாள் காலை சோறு வாங்கியவர்களிடமெல்லாம் சொல்லி அனுப்பினாள்: யார் வீட்டில் ஜெந்தாயு புத்தகம் இருக்கிறதோ கொண்டுவாருங்கள், வால் கோணலாக இருக்கிறது, நிமிர்த்தித் தருகிறேன்.

முதல் நாள் மூன்று பேர் வந்தார்கள். மரியம் வெற்றிலைக் கத்தியால் கடைசி எட்டுப் பக்கத்தை ஒட்ட அறுத்தாள். அதே அளவுக்கு வெள்ளைத் தாளை வெட்டித் தன் முடிவைத் தன் கையால் எழுதினாள். பழைய தையல் ஓட்டையிலேயே நூலைக் கோத்துத் தைத்துக் கொடுத்தாள். அந்த வாரமே கூட்டம் சேர்ந்துவிட்டது. அவளால் ஒற்றையாக முடியவில்லை. ரோச்சோர்க்காரி வந்து உட்கார்ந்தாள். தொப்பி தைக்கும் பெண்கள் தையலைத் தாங்கள் செய்வதாகச் சொன்னார்கள். எழுதத் தெரியாத ஒருத்தி தாளுக்குக் கோடு போட்டாள். அறுத்த பக்கங்களை மரியம் வீணாக்கவில்லை. சோற்றுப் பொட்டலத்தில் வாழையிலைக்கு வெளியே சுற்றிக் கொடுத்தாள். ஒரு நாள் நான் வாங்கிய பொட்டலத்தில் "பெண்களே, புருஷன் சொல் கேளுங்கள்" என்று எண்ணெய்க் கறையோடு இருந்தது. எழுதியது ஹாஜியார், அச்சடித்தது நான்.

கடையில் நிலைமை விசித்திரமாக ஆயிற்று. ஆட்கள் வந்து, "ஜெந்தாயு இருக்கா? வால் மாத்தினதா, மாத்தாததா?" என்று கேட்க ஆரம்பித்தார்கள். மாற்றாதது என்றால் முகம் சுளித்தார்கள். மூவார் ஊரிலிருந்து ஒரு கடைக்காரர் எழுதியிருந்தார்: போன புத்தகக் கட்டில் வந்தவற்றில் கடைசிப் பகுதி கையெழுத்தில் இல்லாமல் அச்சிலேயே வந்துவிட்டது, தவறு நேர்ந்திருக்கிறது போல, சரியானவற்றை அனுப்பவும். ஹாஜியார் அந்தக் கடிதத்தை இரண்டு தடவை படித்தார். பிறகு தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார்.

அப்போதும் அவர் பொறுத்துக்கொண்டுதான் இருந்தார். ஒரு மதியம் வீட்டுக்குச் சாப்பிடப் போனவர் பாதியில் எழுந்து வந்துவிட்டார். வீட்டில் நுராயாவின் தையல் கூடைக்கு அடியில் ஒரு ஜெந்தாயு இருந்திருக்கிறது. எடுத்துப் பார்த்திருக்கிறார். வால் நிமிர்த்தப்பட்டிருந்தது.

"என் வீட்டுக்குள்ளயே!" என்றார். "கேட்டா என்ன சொல்றா தெரியுமா? 'நான்தான அவகிட்ட இரவல் வாங்கினேன், நான்தான திருப்பித் தரணும்' அப்படிங்கறா. என்ன திருப்பித் தர்றா? எத?"

அன்றே காதியாரிடம் முறையிட்டார். தன் சரக்கை ஒரு பெண் கத்தியால் அறுக்கிறாள், தன் பெயரைச் சோற்றுப் பொட்டலத்தில் சுற்றுகிறாள் என்று.

காதியார் வீட்டு முன்னறையில் வெள்ளிக்கிழமைத் தொழுகைக்குப் பிறகு கூடினோம். மரியம் வந்தாள். பின்னால் பத்துப் பதினைந்து பெண்கள் வந்து வெளியே முற்றத்தில் நின்றார்கள். கூடத்து வேலைக்காரன் என்பதால் என்னையும் கூப்பிட்டிருந்தார்கள்.

காதியார் வயதானவர். இரண்டு பக்கமும் கேட்டுவிட்டு, "ஹாஜி, அறுத்த பொஸ்தகம் அப்ப யாருக்குச் சொந்தம்? உங்க கடையிலயா இருந்துச்சு?" என்றார்.

"வித்த பொஸ்தகம்தான். ஆனா..."

"வாங்கினவ தன் பொஸ்தகத்த அடுப்புல கூட வைப்பா. அதுல நான் என்ன சொல்றது?"

"அப்ப பாட்டு? பாட்டு என்னோடது. பேரு போட்டிருக்கேன்."

மரியம் பாத்திக் துணியை அவிழ்த்து ஏட்டை முன்னால் வைத்தாள். அதன் ஓரங்களில் இரவல் வாங்கியவர்கள் எழுதிய குறிப்புகள் இருந்தன. இன்னார் வீட்டில் படித்தோம், அழுதோம், சிரித்தோம் என்று தேதியோடு. காதியார் புரட்டிப் பார்த்தார்.

"இதெல்லாம் அவளே எழுதிக்கிட்டிருக்கலாம். எழுதறதுதான அவ தொழில்" என்றார் ஹாஜியார்.

காதியார் என் பக்கம் திரும்பினார். "நீ கூடத்துல இருக்கிறவன். உனக்கு ஏதாவது தெரியுமா?"

ஹாஜியார் என்னைப் பார்க்கவே இல்லை. நான் என்ன சொல்வேன் என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை போலிருந்தது. அதுதான் எனக்கு உறைத்தது. எட்டு வருஷமாகக் கல்லோடு கல்லாக இருக்கிறவன், கல் பேசுமா என்று நினைத்திருப்பார்.

"தெரியும்" என்றேன். "அச்சடிக்கிறதுக்கு ஒரு வருஷம் முந்தியே பக்கத்து வீட்டுல அந்தப் பாட்டக் கேட்டிருக்கேன். அதுல அவ கால்ல விழல. சோறு போட்டு எறக்கி விட்டுட்டா. கூடத்துல ஹாஜியாருக்குக் கடைசி எட்டுப் பக்கத்துக்கு மட்டும் மூணு நாளாச்சு. மத்ததெல்லாம் பாத்து எழுதினது. அத மட்டும்தான் யோசிச்சு எழுதினாரு."

முற்றத்தில் சிரிப்புச் சத்தம் எழுந்தது. யாரோ, "பீரங்கிக்குக் கொள்ளி கெடச்சிருச்சு" என்றாள்.

காதியார் கையை உயர்த்தினார். "நான் நிக்காஹ் பண்ணி வைக்கிறவன், தலாக் எழுதறவன். பாட்டு யாரோடதுன்னு எழுத என்கிட்ட ஏடு கெடையாது. யாருக்கும் நான் அபராதம் போடல. ஆனா தான் செய்யாததுல தன் பேரப் போடறவன் அல்லாவுக்குப் பயப்படணும். ரெண்டு பேரும் போகலாம்."

வெளியே வந்ததும் ஹாஜியார் என்னிடம், "நாளைக்கு வர வேணாம்" என்றார். கோபமாகக்கூட இல்லை. பிறகு மரியத்திடம் போனார். நான் காதுகொடுத்துக் கேட்டேன்.

"சரி, நீதான் ஜெயிச்ச. அடுத்த அச்சுல உன் முடிவையே போடறேன். பேரு மட்டும் யாரோடதும் வேணாம். உன்னோடதும் இல்ல, என்னோடதும் இல்ல. என்ன சொல்ற?"

மரியம் ஏட்டைத் துணியில் சுற்றிக்கொண்டே கேட்டாள். அது நல்ல ஏற்பாடு என்று எனக்குக்கூடத் தோன்றியது.

"ஒரு மாசத்துக்கு முன்னாடி இதச் சொல்லியிருந்தா தலையாட்டியிருப்பேன் ஹாஜியாரே. அப்ப எனக்கு முடிவு மட்டும் போதும்னு இருந்துச்சு. இப்ப அத்தன பேரு முன்னாடி 'இவளே எழுதிக்கிட்டிருப்பா'ன்னு சொன்னீங்க. ஆமா, நானே எழுதினதுதான். அதையே பொஸ்தகத்துல போடணும்."

ஹாஜியார் போய்விட்டார். நானும் அவளும் முற்றத்தில் நின்றோம். எனக்கு வேலை இல்லை, வேறு போக்கும் இல்லை.

"அண்ணே, இனிமே என்ன செய்வீங்க?" என்றாள்.

"கல்லுதான் தெரியும். வேற ஒண்ணும் தெரியாது."

"எனக்கு எழுதத்தான் தெரியும். வேற ஒண்ணும் தெரியாது."

கம்போங் ஜாவாவில் ஒரு கொட்டகையில் பழைய அச்சுப்பொறி ஒன்று துருப்பிடித்துக் கிடப்பது எனக்குத் தெரியும். அதன் சொந்தக்காரர் மக்காவுக்குப் போய் அங்கேயே தங்கிவிட்டார். அவருடைய தங்கை அதன்மேல் கோழிக் கூடையைக் கவிழ்த்து வைத்திருந்தாள். அவளுக்கும் ஜெந்தாயு பிடிக்கும். கோழியை இறக்கிவிட்டு எடுத்துக்கொள்ளுங்கள் என்றாள். நாலு கல் இருந்தது, ஒன்று விரிசல். தாளைப் பெண்கள் ஆளுக்குக் கொஞ்சம் வாங்கி வந்தார்கள். அதனால் புத்தகம் முழுக்க ஒரே நிறத் தாளாக இருக்காது, கவனித்தால் தெரியும்.

பசை பூசிய தாளில் எண்ணெய் மையால் எழுத மரியத்துக்கு நான் சொல்லித்தந்தேன். கை படாமல் எழுத வேண்டும். விரலில் எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் அதுவும் கல்லில் ஏறி அச்சில் வந்துவிடும். காலையெல்லாம் தேங்காய்ப்பாலில் இருந்த கை. ஐந்தாம் பக்கத்தில் அவள் கட்டைவிரல் ரேகை அப்படியே விழுந்துவிட்டது. நான் அந்தப் பக்கத்தைத் திரும்ப எழுதச் சொன்னேன்.

"இருக்கட்டும் அண்ணே" என்றாள். "கையெழுத்தும் இருக்கு, கைரேகையும் இருக்கு. இனிமே எவன் கேப்பான்?"

இருநூறு பிரதி. கடைசிப் பக்கத்தில் இந்தப் பாட்டு:

இந்தக் கதையைக் கட்டினவள் மரியம்,
இரண்டு பாட்டுப் போக அவளுடையதே ஒவ்வொரு வரியும்,
இங்குள்ள பெண்களுக்கெல்லாம் இது தெரியும்,
இல்லையென்பவர் நேரில் வந்தால் புரியும்.

அதற்குக் கீழே வீட்டுக்கு வழியும் எழுதியிருந்தாள். உண்மையாகவே இரண்டு பேர் வந்தார்கள். ஒருவர் சண்டைக்கு வந்தவர், சோறு சாப்பிட்டுவிட்டுப் போனார். இன்னொருவன் தாயெங் மங்கா. ஜெந்தாயுவின் புருஷன் தான்தான் என்று துறைமுகத்தில் கேலி செய்கிறார்களாம். மரியம் அவனுக்கும் ஒரு பொட்டலம் கட்டிக் கொடுத்து, "பத்திரமா போங்க" என்றாள். அவன் போன பிறகு பாத்திரம் தேய்க்க உட்கார்ந்தாள். கண் சிவந்திருந்தது. அடுப்புப் புகை என்றாள். அடுப்பு அணைந்து நெடுநேரம் ஆகியிருந்தது.

ஹாஜியார் அதற்குப் பிறகு ஜெந்தாயுவைத் தொடவில்லை. தொழுகை விளக்கப் புத்தகங்களாக அடித்தார், நன்றாகவே நடந்தது. நுராயா வெள்ளிக்கிழமை தவறாமல் எங்கள் கொட்டகைக்கு வந்து பக்கம் அடுக்கிக் கொடுப்பாள். வீட்டில் என்ன சொல்லிவிட்டு வருவாளோ, நாங்கள் கேட்டதில்லை.

எல்லாம் சுபமாக முடிந்தது என்று நினைத்துவிட வேண்டாம். அடுத்த வருஷம் பினாங்கிலிருந்து வந்த ஒரு கப்பல்காரர் புதுப் புத்தகம் ஒன்றைக் கொண்டுவந்தார். சித்தி ஜெந்தாயுதான். முடிவு சரியாக இருந்தது. சோறு, துறைமுகம், நங்கூரம் எல்லாம் இருந்தது. கடைசி நாலு வரிப் பாட்டை மட்டும் காணோம். அந்த இடத்தில் பினாங்குக் கடைக்காரன் ஒருவனின் பெயர். நான் கொதித்துப் போனேன். மரியம் புத்தகத்தைக் கடைசியிலிருந்து முதல் வரை புரட்டினாள்.

"பாட்டுல ஒரு பிழையும் இல்ல. நல்லாப் பாத்து எழுதியிருக்கான்" என்றாள்.

"பேர அறுத்துட்டானே!"

"கடைசியில வச்சது என் தப்பு. கடைசிய அறுக்கறது எவ்வளவு சுலபம்னு எனக்குத் தெரியாதா?"

அந்த நாட்களில்தான் நான் அவளிடம் நிக்காஹ் செய்துகொள்ளலாமா என்று கேட்டேன். கல்லும் எழுத்துமாக ஒரு வருஷம் ஒரே கொட்டகையில் இருந்துவிட்டோமே என்ற தைரியம். அவள் சிரிக்கவில்லை, கோபிக்கவும் இல்லை. "அண்ணே, நீங்க நல்லவரு. ஆனா ஒரு வீட்டுல இருந்து நடந்து வந்தவ நான். நீங்க கல்லத் தேயுங்க, நான் எழுதறேன். இதுல என்ன கொறைச்சல்?" என்றாள். எனக்குக் குறைச்சலாகத்தான் இருந்தது. ஆனால் மறுநாளும் போய்க் கல் தேய்த்தேன். இன்றுவரை தேய்க்கிறேன்.

அவள் இரண்டாவது பாட்டை எழுத இரண்டு வருஷம் எடுத்துக்கொண்டாள். மீன்பிடி கிராமம் ஒன்றின் கதை, ஜெந்தாயுவைவிட நீளம். அதில் ஒரு வேலை செய்திருந்தாள். ஒவ்வொரு பக்கத்திலும் ஒரு பாட்டில் தன் பெயரையே வரி முடிக்கும் ஓசைச் சொல்லாக வைத்துவிட்டாள். சொன்னவள் மரியம், பார்த்தவள் மரியம், சிரித்தவள் மரியம் என்று. அந்தச் சொல்லை எடுத்தால் மற்ற மூன்று வரியும் நொண்டும். பாட்டையே எடுத்தால் கதை அறுந்துபோகும். ஏனென்றால் முக்கியமான திருப்பங்களையெல்லாம் அந்தப் பாட்டுகளில்தான் வைத்திருந்தாள்.

எட்டு மாதத்தில் பினாங்குக்காரன் அதையும் அடித்துவிட்டான். அதே கப்பல்காரர்தான் கொண்டுவந்தார். கடைசிப் பக்கத்தில் வழக்கம்போல அவன் பெயர். முன்னால் புரட்டினேன். முதல் பக்கத்தில் மரியம். இரண்டாம் பக்கத்தில் மரியம். அவனிடம் வேலை செய்யும் எழுத்துக்காரன் உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்காமல் வரிக்கு வரி அப்படியே எழுதித் தள்ளியிருந்தான். டெலி, கெடா என்று ஊர் ஊராக அந்தப் புத்தகம் அவள் பெயரை ஓதிக்கொண்டு போயிற்று.

அவளிடம் கொடுத்தேன். சம்பல் கிண்டிக்கொண்டிருந்தாள். கையைத் துடைத்துவிட்டு வாங்கி, நின்றபடியே நாலைந்து பக்கம் படித்தாள்.

"கையெழுத்து எவ்வளவு அழகு பாருங்க அண்ணே" என்றாள். "இந்த ஆளு யாருன்னு விசாரிங்க. அடுத்த பொஸ்தகத்த எழுதறதுக்கு நம்மகிட்ட வருவானான்னு கேளுங்க."